வாசகர் கேள்வி – பதில்: பொதிகை உச்சிக்குப் பத்துப் பேரோடு

மார்கழி இதழில், அகத்தியர்கூடம் என்று கேரளத்தில் அழைக்கப்படும் பொதிகை உச்சிக்கு மூன்று நாள் நடையாகச் சென்று வந்ததைப் பற்றி ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தேன். சபரிமலை, பழனி போன்ற பெருந்திரள் இல்லாத மலைவழி அது என்றும், தனியாகப் போக இயலாது, பத்துப் பேர் கொண்ட குழுவாக ஒரு வழிகாட்டியின் பின்னால்தான் போக வேண்டும் என்றும் அதில் சொல்லியிருந்தேன். வந்து குவிந்த கடிதங்களில் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளைத் தேர்ந்து இங்கே விடை தருகிறேன்.

கல்லிடைக்குறிச்சி வாசகர்: என் தந்தையார் இளமையில் பாபநாசத்திலிருந்து பாணதீர்த்தம், பூங்குளம் வழியாகப் பொதிகைக்கு நடந்து போனதைச் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். அதே வழியில் நானும் ஒருமுறை போக விரும்புகிறேன். இயலுமா ஐயா?

இயலாது. இந்த விடையைத் தங்களுக்குச் சொல்ல எனக்கே வருத்தமாக இருக்கிறது. ஏனெனில் தாமிரபரணிக் கரையில் பிறந்தவர்களுக்குப் பொதிகை என்றால் கிழக்கிலிருந்து, அதாவது நதி இறங்கி வரும் பக்கத்திலிருந்து ஏற வேண்டிய மலைதான். முன்பு கோடையில் அரிசி பருப்பைத் தலையில் சுமந்து கொண்டு, மலைப் பழங்குடியினரான காணிக்காரர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, பூங்குளத்தில் நதியின் பிறப்பிடத்தைத் தொழுதுவிட்டு மேலேறிய குடும்பங்கள் நம் மாவட்டத்தில் ஏராளம். ஆனால் அந்தப் பாதை முழுவதும் களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் உட்காட்டில் இருக்கிறது. முண்டந்துறை 1962-லும், சோலைமந்தி எனப்படும் சிங்கவால் குரங்கைக் காப்பதற்காகக் களக்காடு 1976-லும் சரணாலயங்களாயின. இரண்டையும் சேர்த்து 1988-இல் புலிகள் காப்பகமாக அறிவித்தார்கள். இப்போது தமிழகப் பக்கத்திலிருந்து உச்சிக்குப் போகப் பொதுமக்களுக்கு அனுமதி தரப்படுவதில்லை. யாரேனும் "எனக்கு ஆள் தெரியும், இரவோடு இரவாகக் கூட்டிப் போகிறேன்" என்று சொன்னால் அவரை நம்பிப் போய்விடாதீர்கள். வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். வழி அழிந்து புதர் மூடிய காட்டில் ஒருவருக்குக் கால் பிசகினால் தூக்கி வர ஆள் வருவதற்கே ஒரு நாள் ஆகும்.

இன்று திறந்திருக்கும் ஒரே வழி மேற்கே, திருவனந்தபுரம் மாவட்டத்தின் போணக்காட்டிலிருந்து கிளம்புகிறது. திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் போணக்காட்டுக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர். வழியின் கடைசிப் பகுதி, ஆளரவம் குறைந்துபோன பழைய தேயிலைத் தோட்டத்தின் ஊடாகப் போகும். தங்கள் தந்தையார் கிழக்கிலிருந்து கண்ட அதே உச்சியைத் தாங்கள் மேற்கிலிருந்து ஏறிக் காண்பீர்கள். வானம் தெளிந்த காலையில் உச்சியில் நின்று கிழக்கே பார்த்தால் காரையாறு அணையின் நீர்ப்பரப்பு கீழே தெரியும். அந்த இடத்தில் நின்று தந்தையாரை நினைத்துக் கொள்ளலாம். நான் என் பாட்டனாரை அங்கே நின்றுதான் நினைத்தேன்.

மதுரை வாசகி: எனக்கு வயது 48. குடும்பத்தில் யாருக்கும் மலையேறும் ஆர்வம் இல்லாததால் நான் தனியாகத்தான் பதிவு செய்ய வேண்டும். முன்பின் அறியாதவர்களின் குழுவில் ஒரு பெண் சேர்ந்து போவது சரிப்படுமா? பெண்களுக்கு அங்கே தடை என்று சிலர் சொல்கிறார்களே?

தடை இப்போது இல்லை. நெடுங்காலம் பெண்கள் உச்சிக்குப் போக அனுமதிக்கப்படவில்லை என்பது உண்மை. அந்தக் கட்டுப்பாட்டை எதிர்த்துப் பெண்கள் சிலர் தொடுத்த வழக்கில், பாலின அடிப்படையில் யாரையும் விலக்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2018 நவம்பரில் தீர்ப்பளித்தது. அடுத்த பருவமான 2019 ஜனவரியில், பாதுகாப்பு அமைச்சகத்தின் செய்தித் தொடர்பு அதிகாரியாக இருந்த தன்யா சனல் அந்தத் தீர்ப்புக்குப் பிறகு ஏறிய முதல் பெண்மணியானார். அன்று போணக்காட்டில் காணிக்காரர்கள், அவர்களில் பெண்களும் அடக்கம், அமர்ந்து தங்கள் மனக்குறையைத் தெரிவித்தார்கள். ஆனால் வழியை மறிக்கவில்லை. மலையில் உறையும் அகத்தியர் பிரம்மச்சாரி என்பது அவர்களது நம்பிக்கை. நம் புராணங்களில் அவருக்கு லோபாமுத்திரை என்ற மனைவி உண்டு. இரண்டு மரபுகளும் ஒரே மலையில் இருக்கின்றன என்பதை மனத்தில் கொண்டு போங்கள். வழிகாட்டியோடு அதைப் பற்றி வாதிடப் போக வேண்டாம். தங்களை உச்சி வரை பத்திரமாகக் கொண்டு சேர்க்கப் போகிறவர் அவர்தான்.

அறியாதவர்களோடு போவதைப் பற்றிக் கேட்டீர்கள். போணக்காட்டுச் சோதனைச் சாவடியில் சான்றுகளைப் பார்த்து முடித்ததும், வந்திருப்பவர்களைப் பத்துப் பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு வழிகாட்டியை அமர்த்துவார்கள். சேர்ந்து வந்த நண்பர்கள் ஒரே குழுவில் இருப்பார்கள். எஞ்சிய இடத்தில் தனியாக வந்தவர்கள் நிரப்பப்படுவார்கள். நான் இரண்டாம் முறை போனபோது எங்கள் குழுவில் கொல்லத்திலிருந்து வந்த நான்கு கல்லூரி மாணவர்கள், நாகர்கோவிலைச் சேர்ந்த ஒரு தம்பதியர், ஓய்வு பெற்ற மின்வாரியப் பொறியாளர் ஒருவர், பெங்களூரிலிருந்து வந்த இரண்டு இளைஞர்கள், நான் என்று பத்துப் பேர். காலையில் ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியாது. மாலையில், இரவு தங்கும் இடமான அதிருமலை முகாமுக்கு வந்து சேர்ந்தபோது, அந்தப் பொறியாளரின் பையை மாணவர்கள் முறை வைத்துச் சுமந்து வந்திருந்தார்கள்.

எனினும் நடைமுறையில் சிலவற்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பெண்களுக்கெனத் தனி வசதிகள் செய்து தருவதாக வனத்துறை உறுதி சொல்வதில்லை. இரவில் முகாமில் வரிசையாகப் பாய் விரித்துப் படுக்க வேண்டும், கழிப்பறை எளியது, குளிக்க நினைத்தால் குளிர்ந்த நீர்தான். ஆகவே கூடுமானால் தோழி ஒருவரையாவது சேர்த்துக்கொண்டு பதிவு செய்யுங்கள். அது முடியாவிட்டால், சாவடியில் குழு பிரிக்கும்போதே "பெண்கள் இருக்கும் குழுவில் என்னைச் சேருங்கள்" என்று தயங்காமல் கேளுங்கள். அந்த நேரத்தில் கேட்பது எளிது. நடக்கத் தொடங்கிய பின் குழு மாறுவது கடினம்.

கோயம்புத்தூர் வாசகர்: அனுமதிச்சீட்டு சில மணி நேரத்தில் தீர்ந்துவிடுகிறதாமே. கூடுதல் தொகை கொடுத்தால் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். நானே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். நண்பர்கள் ஐவருக்குச் சேர்த்து முன்பணம் வாங்கிக்கொண்ட ஒரு பயண முகவர், புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு, "இடம் கிடைக்கவில்லை, அடுத்த ஆண்டு பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டார். பணம் பாதிதான் திரும்பி வந்தது.

அனுமதி தருவது கேரள வனத்துறை. அதன் அதிகாரபூர்வ இணையதளத்தில் பதிவு செய்யுங்கள். நடை வழக்கமாக ஜனவரி நடுவில் தொடங்கிப் பிப்ரவரி இறுதி வரையில் நடக்கிறது. அதற்கான அறிவிப்பு ஜனவரித் தொடக்கத்தில் வெளியாகும். ஒரு நாளைக்கு ஏறத்தாழ நூறு பேருக்குத்தான் இடம் என்பதால் பொங்கல் விடுமுறையும் சனி, ஞாயிறும் உடனே நிரம்பிவிடும். வாரத்தின் நடுநாளில் புறப்படும்படி தேதியைத் தேர்ந்தால் வாய்ப்பு கூடும். மலையிலும் கூட்டம் குறைவாக இருக்கும். பதிவின்போது தந்த அடையாள அட்டையின் மூலப்படி கையில் இருக்க வேண்டும். புறப்படுவதற்கு முந்தைய ஏழு நாட்களுக்குள் பதிவு பெற்ற மருத்துவரிடம் வாங்கிய உடல்தகுதிச் சான்றும் கேட்கிறார்கள். பருவம் முடிந்த பின் சிறு குழுக்களுக்குக் கூடுதல் கட்டணத்தில் தனி ஏற்பாடு செய்யும் ஆண்டுகளும் உண்டு. கட்டணமும் விதிகளும் ஆண்டுக்காண்டு மாறுவதால் அந்தந்த ஆண்டின் அறிவிப்பை வரி விடாமல் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

சேலம் வாசகர்: வயது 58. சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறேன். தினமும் மூன்று கிலோமீட்டர் நடக்கிறேன். முழங்காலில் இலேசான வலி உண்டு. என்னால் ஏற முடியுமா? குழுவுக்குச் சுமையாகிவிடுவேனோ என்று அஞ்சுகிறேன்.

தங்கள் மருத்துவர்தான் முதலில் விடை சொல்ல வேண்டும். சான்றுக்காக அவரிடம் போகும்போது வெறுமனே கையெழுத்து வாங்கி வராமல், மூன்று நாள் நடை எப்படிப்பட்டது என்பதை விரிவாகச் சொல்லிக் கேளுங்கள். அதற்கு உதவியாக அந்த நடையை இங்கே விவரிக்கிறேன்.

முதல் நாள் போணக்காட்டிலிருந்து அதிருமலை வரை. தூரம் ஏறத்தாழ 15 கிலோமீட்டர். முற்பாதி பெரும்பாலும் மரநிழல். கரமனை ஆறு முதலான சிற்றாறுகளைக் கல் மாறிக் கல் மிதித்துக் கடந்து போவோம். திருவனந்தபுரம் நகருக்குக் குடிநீர் தரும் பேப்பாறை அணைக்குப் போய்ச் சேரும் நீர் அது என்று எண்ணும்போது, அதில் காலை வைப்பதற்கே கூச்சமாக இருக்கும். அட்டையாற்றின் கரையில் உட்கார்ந்து கட்டுச்சோறு உண்பது வழக்கம். பெயருக்கேற்ப ஈரமான ஆண்டுகளில் அங்கே அட்டையும் உண்டு. அதன் பிறகு மரங்கள் விலகிப் புல்வெளி தொடங்குகிறது. உச்சிவெயிலில் நிழலே இல்லாத அந்தப் புல்மேட்டைக் கடப்பதுதான், என் கருத்தில், முதல் நாளின் கடினமான பகுதி. அதைத் தாண்டியதும் ஏழுமடக்கன் தேரி, முட்டிடிச்சான் தேரி என்று இரண்டு ஏற்றங்கள். பெயர் வைத்தவர்கள் நடந்து பார்த்து வைத்திருக்கிறார்கள்: முதலாவது மடங்கி மடங்கி ஏறும், இரண்டாவதில் காலைத் தூக்கி வைத்தால் முழங்கால் நெஞ்சில் வந்து இடிக்கும். மாலை நான்கு, ஐந்து மணிக்கு முகாமை அடைந்தால் நல்ல நடை என்று கொள்ளலாம்.

இரண்டாம் நாள் அதிகாலை முகாமில் சுமையை வைத்துவிட்டு, நீரும் சிறிது உணவும் மட்டும் எடுத்துக்கொண்டு உச்சிக்கு ஏற வேண்டும். போக மட்டும் ஆறேழு கிலோமீட்டர். ஆளுயரத்தைத் தாண்டி வளர்ந்த மெல்லிய காட்டு மூங்கிலுக்குள் குனிந்து போகும் வழி அது. யானைகளுக்கு அந்த மூங்கில் மிகப் பிடித்த தீனி என்பதால், வழிகாட்டி அங்கே யாரையும் பேச விட மாட்டார். பாதி வழியில் பொங்கல்பாறை என்ற அகன்ற பாறைவெளி வரும். முற்காலத்துப் பக்தர்கள் பொங்கலிட்டு வழிபட்ட இடம். பாறையின் மேலேயே நீர் ஓடிக்கொண்டிருக்கும். அதற்கு மேல் மரங்கள் குட்டையாகிப் பாசி போர்த்துக் குடை போல நிற்கும் சோலைக்காடு. அதையும் தாண்டினால் மொட்டைப் பாறை.

அந்தப் பாறையைப் பற்றித்தான் தாங்கள் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். செங்குத்தான இடங்களில் வடம் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். வடத்தை இரு கைகளாலும் பற்றி, உடலைப் பாறையிலிருந்து சற்று விலக்கிப் பின்னுக்குச் சாய்த்து, பாதத்தின் முழு அடியும் பாறையில் படியும்படி ஊன்றி ஏற வேண்டும். பயத்தில் பாறையோடு ஒட்டிக்கொண்டால் கால் வழுக்கிவிடும். சாய்ந்தால்தான் கால் பிடிக்கும். இதை எங்கள் வழிகாட்டி வாயால் சொல்லவில்லை. ஒருமுறை ஏறிக் காட்டி, இறங்கி வந்து, வடத்தை என் கையில் கொடுத்துவிட்டு, என் குதிகாலைத் தன் உள்ளங்கையால் பாறையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். "இப்போ விடட்டுமா?" என்று கேட்டு, நான் தலையசைத்த பிறகே கையை எடுத்தார். மழை பெய்து பாறை நனைந்திருந்தாலோ மேகம் மூடிக் காற்று வலுத்தாலோ அவர் பொங்கல்பாறையிலேயே குழுவைத் திருப்பிவிடுவார். அப்போது வருந்தலாம், ஆனால் எதிர்த்துப் பேசக் கூடாது.

தங்கள் முழங்காலுக்குச் சோதனை ஏற்றத்தில் இல்லை, இறக்கத்தில் இருக்கிறது. உச்சியிலிருந்து முகாமுக்கு இறங்கி, மூன்றாம் நாள் மறுபடி போணக்காடு வரை இறங்க வேண்டும். சமதளத்தில் மூன்று கிலோமீட்டர் நடப்பது இதற்குப் போதாது. குறைந்தது இரண்டு மாதம் முன்பிருந்தே, வாரத்தில் மூன்று நாள், நான்கைந்து கிலோ எடையுள்ள பையை முதுகில் மாட்டிக்கொண்டு படிக்கட்டு ஏறி இறங்கிப் பழகுங்கள். தங்கள் ஊருக்கு அருகிலேயே ஏற்காட்டு மலை இருக்கிறது. விடுமுறை நாட்களில் சரிவான சாலையில் ஏறி இறங்கிப் பாருங்கள். தொடர்ந்து இரண்டு நாள் பதினைந்து கிலோமீட்டர் நடந்து, இரண்டாம் நாள் இறங்கும்போதும் முழங்கால் வீங்கவில்லை என்றால் துணிந்து பதிவு செய்யலாம். வீங்கினால் இந்த ஆண்டைத் தள்ளிப்போடுங்கள். சர்க்கரைக்கு எந்த வேளை மாத்திரையைக் குறைப்பது, எதை விடாமல் சாப்பிடுவது என்பதை மருத்துவரே எழுதித் தரட்டும். கடலைமிட்டாய், பேரீச்சம்பழம் போன்றவை பையின் வெளியறையில் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். தங்களுக்குச் சர்க்கரை இருக்கிறது என்பதை வழிகாட்டியிடமும் பக்கத்தில் நடப்பவரிடமும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

சுமையாகிவிடுவேனோ என்ற அச்சத்துக்கு வருகிறேன். நல்ல வழிகாட்டி, மெதுவாக நடப்பவரைத் தனக்கு அடுத்தபடியாக முன்னால் விட்டுவிடுவார். வேகமாக நடக்கும் இளைஞர்கள் பின்னால் வருவார்கள். எங்கள் குழுவில் அந்தப் பொறியாளர்தான் முன்னால் நடந்தார். அவர் நின்றால் பத்துப் பேரும் நின்றோம். முதல் ஒரு மணி நேரம் மாணவர்களுக்கு அது பொறுக்கவில்லை. பெருமூச்சு விட்டுக்கொண்டே வந்தார்கள். பிறகு அவர் நின்ற இடங்களிலெல்லாம் அவர்கள் சுற்றிலும் பார்க்கத் தொடங்கினார்கள். மரப்பட்டையில் யானை முதுகு உரசிய சேற்றுத் தடத்தை முதலில் கண்டு சொன்னவர்கள் அவர்களே. குழுவாக நடப்பதென்றால் குழுவில் மெதுவானவரின் கதியில் நடப்பதுதான். இதை ஏற்க முடியாதவர்கள் இந்த நடைக்கு வராமல் இருப்பது நல்லது என்றே நான் நினைக்கிறேன். தாங்கள் செய்ய வேண்டியது, பயிற்சி செய்து ஆயத்தமாக வருவதும், முடியாதபோது முடியவில்லை என்று உடனே சொல்வதும்தான்.

தஞ்சாவூர் வாசகர்: அகத்தியருக்கு அபிஷேகம் செய்யப் பால், சந்தனம், கற்பூரம் கொண்டு போகலாமா?

கூடாது. பூசைப் பொருள்கள், ஞெகிழிப் பைகள், மது, புகையிலை எவையும் அனுமதியில்லை. சாவடியில் பைகளைத் திறந்து பார்ப்பார்கள். கற்பூரத் தீ காய்ந்த புல்லில் பட்டால் மலையே எரியும். உச்சியில் அகத்தியர் சிலை வானத்தின் கீழ் நிற்கிறது. மழையும் பனியும் அவருக்கு அபிஷேகம். கை கூப்பி நின்று, மனப்பாடமாக இருக்கும் பாடலைச் சொல்லுங்கள். புறநானூற்றின் இரண்டாம் பாட்டு சேரனை இமயத்தையும் பொதியத்தையும் போல நிலைத்திருக்குமாறு வாழ்த்துகிறது; வடக்கே அந்த மலை, தெற்கே இந்த மலை. நான் அந்தப் பாட்டைத்தான் அங்கே சொன்னேன்.

ஈரோடு வாசகி: என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. அழைத்துப் போகலாமா?

பதினான்கு வயது நிரம்பாதவர்களுக்கு அனுமதியில்லை. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்கள் பெற்றோர் துணையோடு அல்லது அவர்களது ஒப்புதலோடு வர வேண்டும். இரண்டு ஆண்டு பொறுங்கள். அதற்குள் சிறு மலைகளில் நடத்திப் பழக்குங்கள்.

சென்னை வாசகர்: வழிகாட்டிகள் யார்? தமிழ் தெரியுமா? அவர்களுக்குத் தனியாகப் பணம் கொடுக்க வேண்டுமா? எந்த அளவுக்கு அவர்களிடம் பேசலாம்?

இப்படி ஒரு கேள்வி வந்ததில் எனக்கு மகிழ்ச்சி. மற்றவர்கள் எல்லோரும் பாதையைப் பற்றிக் கேட்டார்கள். தாங்கள் மனிதர்களைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள்.

வழிகாட்டிகளில் பலர் காணிக்காரர்கள்; அந்த மலையின் இருபுறமும் காலங்காலமாக வாழ்கிற பழங்குடியினர். தமிழும் மலையாளமும் கலந்தது அவர்களது பேச்சு. நாம் நிதானமாகப் பேசினால் எல்லாம் புரிந்துகொள்வார்கள். அவர்களுடைய அறிவைப் பற்றி ஒரு செய்தியைத் தாங்கள் அறிந்துகொண்டு போவது நல்லது. 1987-இல் மூலிகை ஆய்வுக்காக இந்த மலைக்கு வந்த அறிவியலாளர்கள், தாங்கள் களைத்துத் தள்ளாடும்போது, உடன் வந்த காணிக்கார வழிகாட்டிகள் ஏதோ ஒரு சிறு காயைத் தின்றுகொண்டு சோர்வே இல்லாமல் நடப்பதைக் கவனித்தார்கள். கேட்டபோது வழிகாட்டிகள் முதலில் சொல்ல மறுத்தார்கள். வெளியாருக்குச் சொல்லக் கூடாத குடிவழி இரகசியம் அது. பிறகு காட்டிக் கொடுத்த அந்தச் செடிதான் ஆரோக்கியபச்சை. அதை ஆராய்ந்து திருவனந்தபுரம் பாலோடு தாவரவியல் ஆய்வு நிறுவனம் ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கியது. அதன் உரிமத் தொகையில் பாதி காணிக்காரர்களுக்குச் சேர வேண்டும் என்று முடிவு செய்து, அதற்காக 1997-இல் ஓர் அறக்கட்டளை பதிவு செய்யப்பட்டது. பழங்குடியினரின் அறிவுக்குப் பங்கு தந்த முன்னோடி நிகழ்வாக உலகெங்கும் அதைப் பேசினார்கள். நடைமுறையில் குறைகள் இருந்தன என்பதும் பேசப்பட்டது. ஆகவே தங்கள் வழிகாட்டியிடம் "அந்தச் செடியைக் காட்டுங்கள், பறித்துக் கொடுங்கள்" என்று கேட்காதீர்கள். அவர் தாமாகக் காட்டினால் பாருங்கள், பறிக்க வேண்டாம்.

வழிகாட்டி ஏற்பாடு அனுமதிக் கட்டணத்திலேயே அடங்கும். உள்ளூர் மக்களைக் கொண்ட சூழல் மேம்பாட்டுக் குழுவே முகாமின் உணவகத்தையும் நடத்துகிறது. மாலையில் அங்கே கிடைக்கும் சூடான கஞ்சியும் பயறும் என் நினைவில் எப்போதும் இருக்கும். நடை முடிந்து போணக்காட்டில் பிரியும்போது குழுவினர் பத்துப் பேரும் சேர்ந்து தங்களால் இயன்றதை ஒரே தொகையாக வழிகாட்டியின் கையில் கொடுப்பது முறையானது. பணக்காரராகத் தெரிந்த ஒருவர் தனியே அழைத்துக் கொடுப்பதைவிட அதில் மரியாதை இருக்கிறது.

எவ்வளவு பேசலாம் என்றும் கேட்டீர்கள். அவர் பேசாதபோது நாமும் பேசாமல் இருக்கலாம். மூங்கில்காட்டின் விளிம்பில் எங்கள் வழிகாட்டி திடீரென்று நின்றார். தரையில் யானை லத்தி. குனிந்து புறங்கையை அதன்மேல் வைத்துப் பார்த்தார். நிமிர்ந்து விரலை உதட்டில் வைத்துக்காட்டி, எங்களை வந்த வழியே இருபது அடி பின்னுக்குப் போகச் சொன்னார். அது இன்னும் வெதுவெதுப்பாக இருந்திருக்கிறது. கால் மணி நேரம் பத்துப் பேரும் மூச்சடக்கி நின்றோம். உள்ளே எங்கோ மூங்கில் முறிகிற ஓசை இரண்டு முறை கேட்டது. பிறகு தொலைவில் ஒருமுறை. அதன் பின்னரே அவர் நடந்தார். அந்தக் கால் மணி நேரத்தில் யாராவது ஒருவர் கைப்பேசியை எடுத்து முன்னால் ஓடியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் உடல் சிலிர்க்கிறது.

விருதுநகர் வாசகர்: என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?

எவ்வளவு குறைவாகவோ அவ்வளவு நல்லது. பழகிய காலணி (புதிதாக வாங்கிப் போட்டுக்கொண்டு வந்து முதல் நாளே கொப்புளத்தோடு அவதிப்பட்டவர்களைக் கண்டிருக்கிறேன்), இரண்டு மாற்றுடை, மெல்லிய போர்வை, மழைச்சட்டை, கைவிளக்கு, நீர்ப்புட்டி, தங்கள் மருந்துகள், முதலுதவிப் பொருள்கள், முதல் நாள் மதியத்துக்குக் கட்டுச்சோறு. அட்டைக்கு உப்புப் பொட்டலம். போணக்காட்டைத் தாண்டினால் கைப்பேசித் தொடர்பை நம்ப வேண்டாம். வீட்டில் மூன்று நாள் பேச மாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

திருநெல்வேலி வாசகி: எனக்கு 71 வயது; இடுப்பு அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது. இனி மலையேற முடியாது என்று தெரியும். ஆனாலும் அகத்தியரைப் பொதிகையில் ஒருமுறை தொழ வேண்டும் என்று ஆசை. வேறு வழி உண்டா?

உண்டு அம்மா. பாபநாசத்தில் இறங்கி, தாமிரபரணியில் காலை நனைத்து, பாபநாசநாதரையும் உலகாம்பிகையையும் தொழுங்கள். அங்கிருந்து வாகனத்தில் சிறிது தூரத்தில் அகத்தியர் அருவி. ஆண்டு முழுதும் நீர் விழுகிற அருவி அது. அதற்கு மேலே கல்யாண தீர்த்தம் இருக்கிறது. கயிலையில் நடந்த திருமணத்துக்கு உலகமெல்லாம் திரண்டதால் வடக்கு தாழ்ந்து தெற்கு உயர, நிலத்தைச் சமப்படுத்தத் தென்திசைக்கு அனுப்பப்பட்ட அகத்தியருக்கு, அந்தத் திருமணக் காட்சியை இறைவன் அங்கே தந்தருளினான் என்பது ஐதீகம். கல்யாண தீர்த்தத்துக்குப் படியேற வேண்டும். தங்களுக்கு அது வேண்டாம். அருவியின் கீழேயே அமர்ந்திருங்கள். வார நாளில், காலை எட்டு மணிக்கு முன்பே போய்விட்டால் கூட்டம் இருக்காது. வனத்துறைச் சோதனைச் சாவடியைக் கடக்க வேண்டியிருப்பதால் புறப்படும் முன் அன்று அனுமதி உண்டா என்று விசாரித்துக் கொள்ளுங்கள். அருவியில் விழும் நீர் உச்சியின் கிழக்குச் சரிவில் பூங்குளத்திலிருந்து இறங்கி வருவது. மேலே பொங்கல்பாறையில் நான் கையில் அள்ளிக் குடித்த நீரைப் போலவே அதிலும் இலேசான இலைமணம் இருக்கும்.